பழைய கொப்பிகள்

ஆண்டிறுதிப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளின் கொப்பிகளைக் கட்டிக் கச்சான் சுருளுக்குக் கொடுத்துவிடுவது நம் வீடுகள் பலவற்றின் வழக்கம். என் கொப்பிகளும் அவ்வாறே போயின, இன்று வருந்துகின்றேன்.

கொப்பியில் என்ன இருக்கிறது என்பீர்களோ? ஒருவர் வாழ்வையே அது மாற்றியதுண்டு.

இலண்டனில் புத்தகங் கட்டும் தொழில் பழகிய ஏழை இளைஞர் மைக்கேல் பரடே, 1812இல் இரசாயன அறிஞர் ஹம்பிரி டேவியின் நான்கு விரிவுரைகளைக் கேட்டார். எடுத்த குறிப்புக்களை விரித்தெழுதிப் படங்களும் வரைந்து, ஏறக்குறைய 300 பக்க நூலாகத் தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். மறு ஆண்டு உதவியாளர் இடம் வெறுமையானபோது டேவி அவரையே அழைத்தார். பட்டம் எதுவுமில்லாதவருக்கு அந்நூலே சான்றிதழாயிற்று. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தவர் அவரே.

மாணவ மணிகளே! கோவை என்பது தாட்குவியலன்று. தவணைதோறும் உங்கள் கட்டுரை, கணக்கு, படம் ஆகியவற்றுட் சிலவற்றைத் தெரிந்தெடுத்துச் சேருங்கள். பிழைத்தவற்றையும் விலக்காதீர்கள். எங்கே தவறினேன், எவ்வாறு திருத்தினேன் என்று ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள். புள்ளி அறிக்கை நின்ற இடத்தைச் சொல்லும். கோவையோ நடந்துவந்த வழியைக் காட்டும்.

பெற்றோரே, பிள்ளையை 'மக்கு' என்று ஏசுமுன், அதன் முதற்றவணைக் கொப்பியையும் இன்றைய கொப்பியையும் அருகருகே விரித்துப் பாருங்கள். சொல்ல வந்த சொல் மாறிவிடும்.