தரிசு போட்டால் கரிமம் சேருமா?

"ஏரை நிறுத்தினால் போதும், புல்லும் வேரும் திரும்பி வந்து மண்ணில் கரிமத்தைச் சேர்த்துவிடும்" என்கிறார்கள். 1991-க்குப் பின் ரஷ்யாவில் கைவிடப்பட்ட வயல்கள் பலவற்றில் அப்படித்தான் நடந்தது. அதை மரக்காணம் கடற்கரைக்கும் விதியாக்குவது பிழை.

ஒன்று: மண் கரிமம் என்பது வரவில் செலவு போக மிஞ்சுவது. வேரும் தழையும் வரவு. நுண்ணுயிர்கள் சிதைத்துக் காற்றில் விடுவது செலவு. உப்பேறிய தரிசில் செடி வளரவே திணறுகிறது. வரவு எங்கிருந்து வரும்?

இரண்டு: கைவிட்ட வயல் உப்பளமானால்? பாத்தியைச் சமன்செய்து, மிதித்து இறுக்கி, புல்பூண்டு அண்டாமல் காப்பதுதான் அந்தத் தொழில்.

மூன்று: சீமைக்கருவேலம் படர்ந்தால் மேலே பச்சை தெரியும். அடியில்? ஜாக்சன் குழு 2002-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், புல்வெளிக்குள் மரங்கள் புகுந்தபோது வறண்ட இடங்களில் மண் கரிமம் கூடியது. மழை மிகுந்த இடங்களில் குறைந்தது.

நான்கு: 2021-இல் சரணாலயமான கழுவேலி போன்ற ஈரநிலச் சேற்றில் ஆக்சிஜன் குறைவு, மட்குவதும் மெதுவாகவே நடக்கும். அதை வடித்துக் காயவிட்டால் சேர்ந்த கரிமம் கரைந்துபோகும்.

தெற்கே, 1968-இல் தொடங்கிய ஆரோவில்லின் செம்மண் மேட்டில் காடு சும்மா வந்ததா? வரப்பு கட்டி, மழைநீரைத் தேக்கி, கன்று நட்டார்கள்.

கைவிடுதல் மீட்பு அல்ல. கரிமக் கணக்கு எழுதுகிறவர்கள் முதலில் இந்த மண்ணைத் தோண்டி அளக்கட்டும்.