முதல் நாளே சொல்லுங்கோ

போன வருசம் ஒரு திங்கட்கிழமை பின்னேரம் பேஸ்புக்கைத் தட்டிக்கொண்டு இருக்கேக்க எங்கட ஊர் அமைப்பு ஒன்றின் பதிவு வந்தது. முதல் நாள் தேவாலய மண்டபத்தில் நடந்த இலவச கண் பரிசோதனை முகாம். விளக்கேற்றுவது, மாலை போடுவது, பொன்னாடை போர்ப்பது, தலைவர் மைக் பிடிச்சபடி நிற்பது எண்டு படங்களோ படங்கள். அந்த மண்டபம் எங்கட வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் இருக்கு. அம்மம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. அவவிடம் படங்களைக் காட்டினேன். "உவ்வளவு கிட்டவோ நடந்தது? ஆரும் சொல்லேல்லையே" எண்டு மட்டும் கேட்டா. அம்மம்மாவிட்டயும் போன் இருக்கு. ஆனால் அது பட்டனை அமத்திக் கதைக்கிற போன்.

பிறகு தேடிப் பார்த்தேன். முகாமுக்கு ஐந்து நாள் முன்னமே அந்தப் பக்கத்தில் போஸ்டர் போட்டிருக்கிறார்கள். பக்கத்தை லைக் பண்ணின எனக்கே அது வந்து சேரவில்லை. போஸ்டரில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எண்டு ஒன்பது பேரின் படம். நேரமும் இடமும் அடியில், சின்ன எழுத்தில். முதலே பதிய வேணுமா, பழைய மருந்துத் துண்டு கொண்டு வர வேணுமா, ஆரைக் கேட்கலாம் எண்டு ஒரு வரியும் இல்லை.

எங்கட தேவாலயங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் விளையாட்டுக் கழகங்களுக்கும் விளம்பரம் செய்யத் தெரியாது எண்டு நான் சொல்ல வரவில்லை. அவை நிறையவே செய்கின்றன. ஆனால் அது செய்தவருக்கான விளம்பரம். வர வேண்டியவருக்கான அறிவித்தல் இல்லை.

எனக்கும் இதில் பங்கு இருக்கு. எங்கட தேவாலய இளைஞர் குழுவுக்கு இரண்டு வருசமா போஸ்டர் செய்தது நான்தான். விருந்தினர் பெயர் வரிசை பிழைச்சால் அன்று இரவே நாலு கோல் வரும். நேரம் போட மறந்தால் ஒருத்தரும் கேட்க மாட்டினம். அதனால் எனக்கும் வரிசைதான் முக்கியமாகிப் போச்சு.

"வெளிநாட்டில இருந்து காசு அனுப்புறவைக்கு ஆதாரம் காட்ட வேணாமோ?" எண்டு கேட்பீர்கள். காட்டத்தான் வேணும். பற்றுச்சீட்டு, செலவுக் கணக்கு, எத்தனை பேர் பயன்பெற்றவை எண்ட விபரம், இவ்வளவும் ஆதாரம்தான். கொப்பியும் பையும் வாங்குகிற பிள்ளையின் முகத்தைப் பேஸ்புக்கில் போடுவது ஆதாரம் இல்லை. அடுத்த நாள் அந்தப் பிள்ளை அதே பையோட வகுப்புக்குப் போக வேணும் எண்டதை நாங்கள் யோசிக்கிறேல்லை.

சரி, நல்ல அறிவித்தல் எப்படி இருக்கும்? எங்கட ஊர்களில் ஏற்கனவே ஒன்று இருக்கு: மரண அறிவித்தல். சிரிக்காதேங்கோ. யார், எந்த ஊர், என்ன திகதி, எத்தனை மணிக்குக் கிரியை, எந்த மயானம் அல்லது சேமக்காலை, எந்த இலக்கத்துக்கு எடுக்கலாம் எண்டு எல்லாம் அதில் இருக்கும். போஸ்ட் கம்பத்தில் ஒட்டுவார்கள், ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுவார்கள், வட்ஸ்அப்பிலும் போடுவார்கள். வர வேண்டியவர் கட்டாயம் வர வேணும் எண்டு நினைச்சுச் செய்வதால்தான் அது சரியாகப் போய்ச் சேருகிறது.

இது எங்களுக்குப் புதுப் பாடமும் இல்லை. 1841இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 'உதயதாரகை'யைத் தொடங்கியபோது தனி ஆங்கிலத்தில் நடத்தவில்லை. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்கள். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்த ஆறுமுக நாவலர் அவர்களின் முறைகளைக் கிட்ட இருந்து பார்த்தவர். 1847 டிசம்பரில் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் அவர் பிரசங்கம் தொடங்கினார். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பேசினார். வெள்ளி எண்டால் சனம் எப்படியும் கோயிலுக்கு வரும்தானே. கொள்கையில் எதிரும் புதிருமாக நிண்ட இரண்டு பக்கமும், ஆக்கள் எந்த மொழியில் வாசிப்பினம், எங்க நிற்பினம் எண்டதைப் பார்த்துத்தான் வேலை செய்திருக்கினம்.

இண்டைக்கும் அதே கேள்விதான். வயசானவைக்கு ஞாயிறு பூசை முடிவில் ஒருக்கா வாசியுங்கோ. சந்திக் கடையில் ஒரு தாள் ஒட்டுங்கோ. வட்ஸ்அப்பில் போஸ்டரோட சேர்த்து அரை நிமிசக் குரல் பதிவும் போடுங்கோ. கண் தெரியாதவரும் வாசிக்கத் தெரியாதவரும் கேட்பினம். புரோட்காஸ்ட் லிஸ்டில் அனுப்பினால், உங்கட நம்பரைத் தங்கட போனில் சேமிச்சு வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும் எண்டதையும் மறக்காதேங்கோ. திகதியோட வருசத்தையும் போடுங்கோ. இல்லாட்டி போன வருச நோட்டீஸ் இந்த வருசமும் சுத்தித் திரியும். ஒரு போன் இலக்கம், அதை எடுக்கிறதுக்கு ஒரு ஆள். இதுக்கெல்லாம் பெரிய செலவு இல்லை.

போன மாதம் எங்கட குழு சாதாரண தரப் பிள்ளைகளுக்கு இலவச கணித வகுப்புத் தொடங்கியது. விருந்தினர் பெயர் இல்லாமல் நோட்டீஸ் செய்தேன். "என்ன, செத்த வீட்டு நோட்டீஸ் மாதிரிக் கிடக்கு" எண்டு குழுவில் ஒருத்தன் நக்கலடிச்சான். ஒரு பெரியவர் இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கிறேல்லை. ஆனால் வந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் எங்கட பேஸ்புக் பக்கத்தைக் கண்டதே இல்லையாம். கடையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துத்தான் வந்தவை.

அம்மம்மா இப்ப ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு பஸ்ஸில போய் வாறா. அடுத்த முகாம் எப்ப எண்டு தெரிஞ்சால், அந்த அமைப்பில் இருக்கிற ஆராவது முதல் நாளே எங்கட ஒழுங்கைக்குள்ள வந்து சொல்லுங்கோ. படம் பிறகு போடலாம்.