விளக்கு எரிந்த பிறகுதான் விழா

சினிமாவுக்கும் சுற்றுச்சூழலுக்கும் உச்ச நீதிமன்றம் 1991லேயே முடிச்சுப் போட்டுவிட்டது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில் அந்த ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பு கொஞ்சம் விநோதமானது. நாட்டிலுள்ள தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் சுற்றுச்சூழல் பற்றி இரண்டு ஸ்லைடுகளையாவது இலவசமாகக் காட்ட வேண்டும். குறும்படங்கள் தயாரித்துத் திரையிட வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். இவைதான் உத்தரவின் சாரம்.

ஸ்லைடுகள் ஸ்லைடு எந்திரத்தோடு போய்ச் சேர்ந்தன. கட்டாயப் பாடம் கல்லூரிகளுக்கு வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. உச்ச நீதிமன்றம் மீண்டும் அதட்டிய பிறகு, 2003ல் பல்கலைக்கழக மானியக் குழு எல்லாப் பட்டப் படிப்புகளுக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை அனுப்பியது. வெளியே போய் ஆற்றையும் குப்பை மேட்டையும் பார்த்து வரும் களப்பணியும் அதில் உண்டு. நடைமுறையில் நடந்தது வேறு. பல கல்லூரிகளில் அது கடைசி வாரம் கைடு வாங்கிப் படித்து, தேர்வு எழுதி, மறுநாள் மறந்துபோகும் 'பேப்பர்' ஆகிவிட்டது. அமிலமழை என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதத் தெரிந்த மாணவருக்கு, தன் ஊர்ச் சாக்கடை எந்த ஆற்றில் கலக்கிறது என்று தெரியாது.

ஆக, நீதிபதிகள் விட்டுச் சென்ற கேள்வி அப்படியே நிற்கிறது. படம் காட்டினால் மனம் மாறுமா? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய ஓர் ஊர் அமெரிக்காவில் இருக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதியில், விரித்த விரல்கள் மாதிரி நீண்டு கிடக்கும் பதினொரு ஏரிகளை 'விரல் ஏரிகள்' என்பார்கள். அவற்றில் ஒன்றான கயூகா ஏரியின் தென்முனையில் உள்ள சிறிய ஊர் இதாகா. மக்கள்தொகை சுமார் 30 ஆயிரம். ஒரு குன்றின் மேல் கார்னெல் பல்கலைக்கழகம், இன்னொரு குன்றின் மேல் இதாகா கல்லூரி. 1997ல் கார்னெலின் சுற்றுச்சூழல் மையம், ஊர்மக்களோடு உறவாட ஒரு வழி தேடி, 'விரல் ஏரிகள் சுற்றுச்சூழல் திரைப்பட விழா'வைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அது எதிர்க்குன்றிலுள்ள இதாகா கல்லூரிக்கு இடம் மாறியது. அங்கே திரைப்படப் பேராசிரியர் பாட்ரிசியா சிம்மர்மனும் அரசியல் பேராசிரியர் தாமஸ் ஷெவரியும் அதைச் சேர்ந்து நடத்தினார்கள். சிம்மர்மன் 2023ல் காலமானார்.

இருவரும் முதலில் கைவைத்தது 'சுற்றுச்சூழல்' என்ற சொல்லில். புலி, யானை, மரம், மழை என்று நின்றுவிடாமல் போர், நோய், உணவு, உழைப்பு, அகதிகள், இசை எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். ஓர் இனம் தன் மொழியையும் வாழ்முறையையும் இழந்தால் அதுவும் சூழல் அழிவுதான் என்பது வாதம். விழாவுக்கு ஆண்டுதோறும் ஒரு தலைப்பு வைத்தார்கள். வாழிடங்கள், நிலக்காட்சிகள், இடையூறுகள் என்ற மாதிரி, பல துறைக்காரர்களும் உள்ளே நுழைய இடம் கொடுக்கும் பொதுச் சொற்கள். கல்லூரி அரங்கில் மட்டுமின்றி, லாப நோக்கமில்லாமல் உறுப்பினர் ஆதரவில் நடக்கும் சினிமாபொலிஸ் என்ற ஊர்த் தியேட்டரிலும் படங்கள் ஓடின. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் யாரும் எழுந்து போவதில்லை. இயக்குநரும் பேராசிரியர்களும் திரைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். விழாவின் கனமான பகுதி அப்போதுதான் தொடங்கும்.

இந்தப் பேச்சு எதற்கு என்பதை விளங்கிக்கொள்ள, இதாகா மக்களின் காலடி மண்ணுக்குக் கீழே போக வேண்டும்.

அங்கே மார்செல்லஸ் ஷேல் என்ற பாறை அடுக்கு இருக்கிறது. நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹையோ, மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் அடியில் பரவிக் கிடக்கும் இந்தப் பாறைக்குள் இயற்கை எரிவாயு சிறைப்பட்டிருக்கிறது. தண்ணீர், மணல், ரசாயனம் கலந்த திரவத்தை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரிசல் விடும், வாயு வெளியே வரும். இதற்கு ஃப்ராக்கிங் என்று பெயர். கம்பெனி ஏஜென்டுகள் குத்தகைப் பத்திரத்தோடு இந்த வட்டாரத்தில் வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். கடனில் தத்தளித்த பால் பண்ணைக்காரருக்கு அது தெய்வம் அனுப்பிய பணம். பக்கத்து வீட்டுக்காரருக்கோ தன் கிணற்று நீர் என்னாகும் என்ற பயம். ஒரே தெருவில் இருந்தவர்கள் முகம் பார்த்துப் பேசாத நிலை வந்தது. காவிரி டெல்டாவில் மீத்தேன், ஹைட்ரோகார்பன் திட்டங்கள் கிளப்பிய புயலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல.

அந்த நேரத்தில்தான், 2010ல், ஜோஷ் ஃபாக்ஸ் இயக்கிய 'கேஸ்லேண்ட்' என்ற ஆவணப்படம் வந்தது. பென்சில்வேனியாவிலுள்ள தன் குடும்ப நிலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு லட்சம் டாலர் தருவதாகக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்ததாகச் சொல்லி, என்ன ஏது என்று விசாரிக்கக் கேமராவோடு கிளம்புகிறார் இயக்குநர். கொலராடோ மாநிலத்தில் ஒருவர் தன் வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறந்து லைட்டரைக் காட்டுகிறார். குப்பென்று தீப் பிடிக்கிறது. அந்த ஒரு காட்சி அமெரிக்காவையே உலுக்கியது. படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

ஆனால் அந்தக் காட்சிக்கு ஒரு பின்கதை உண்டு. அந்தக் கிணற்றை முன்பே சோதித்திருந்த கொலராடோ அரசின் எண்ணெய், எரிவாயு ஆணையம், அதில் இருந்தது நிலத்தடியில் இயற்கையாக உண்டான வாயு, எரிவாயுக் கிணறுகளிலிருந்து கசிந்ததல்ல என்று சொல்லியிருந்தது. படம் அதைச் சொல்லவில்லை. எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? 2013ல் 'ஃப்ராக்நேஷன்' என்ற பதிலடிப் படம் வந்தது. அப்படியானால் ஃபாக்ஸ் காட்டியதெல்லாம் பொய்யா? அதுவும் இல்லை. அதே படத்தில் பென்சில்வேனியாவின் டிமோக் என்ற ஊர்க்காரர்கள் தங்கள் கிணறுகள் கெட்டுவிட்டதாகப் புலம்புகிறார்கள். அந்த வழக்கில் 2022ல் எரிவாயுக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. ஊருக்குப் பொதுக் குடிநீர்க் குழாய் அமைக்க சுமார் 1.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

ஒரே படம். ஒரு கிணற்றில் தடுக்கி விழுந்தது, இன்னொரு கிணற்றில் நிலைத்து நின்றது. இருட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு எது எது என்று எப்படித் தெரியும்? தெரியாது. விளக்கைப் போட்டுவிட்டு, ஒரு நிலவியல் பேராசிரியரையும் குத்தகைக்குக் கையெழுத்துப் போட்ட ஒரு விவசாயியையும் இயக்குநருக்கு முன்னால் உட்கார வைத்தால்தான் தெரியவரும். நிலவியல், அரசியல், சினிமா மூன்றும் ஒரே கூரையின் கீழ் சம்பளம் வாங்கும் இடம் பல்கலைக்கழகம்தான். சுற்றுச்சூழல் திரைப்பட விழாவைப் பல்கலைக்கழகம் நடத்துவதில் அர்த்தம் இருப்பது இதனால்தான்.

இதாகாவை ஒட்டியுள்ள டிரைடன் என்ற ஊரின் நிர்வாகக் குழு, மக்கள் கையெழுத்து வாங்கிக் கொடுத்த மனுவுக்குப் பிறகு, 2011 ஆகஸ்ட்டில் நில உபயோக விதியைத் திருத்தி எரிவாயுத் துளையிடுதலைத் தடை செய்தது. கம்பெனி வழக்குப் போட்டது. மாநிலத்தின் உச்ச மன்றம் 2014 ஜூனில் 5க்கு 2 என்ற கணக்கில் ஊரின் பக்கம் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில், சுகாதாரத் துறை அறிக்கையை முன்வைத்து, நியூயார்க் மாநில அரசே ஃப்ராக்கிங்குக்குத் தடை அறிவித்தது. 2020ல் அது சட்டமானது. இதையெல்லாம் ஒரு படம் சாதித்தது என்று சொன்னால் அது கட்டுக்கதை. சாதித்தவர்கள் கூட்டம் போட்டவர்கள், வாதாடியவர்கள், மனு எழுதியவர்கள். அவர்கள் பேச ஆரம்பிக்க ஒரு பொது விஷயம் தேவைப்பட்டது. படங்கள் அதைக் கொடுத்தன. படத்தால் முடிந்தது அவ்வளவுதான், ஆனால் அது அற்பமல்ல.

உலகக் கலாசாரங்களைக் காட்டும் படங்களுக்கும் இந்தக் குறுக்கு விசாரணை தேவை. சொல்லப்போனால் இன்னும் அதிகமாகவே தேவை. உலக ஆவணப்படங்களின் தாய் என்று கொண்டாடப்படுவது 1922ல் வெளியான 'நானூக் ஆஃப் த நார்த்'. வட கனடாவின் இனூயிட் மக்களைப் பற்றி ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்தது. பணம் போட்டது ஒரு தோல் வியாபாரக் கம்பெனி. அப்போது இனூயிட் மக்கள் துப்பாக்கியால் வேட்டையாடப் பழகிவிட்டார்கள். ஃப்ளாஹர்ட்டியோ ஈட்டியோடுதான் வர வேண்டும் என்றார். பனி வீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று, ஒரு பக்கச் சுவரே இல்லாத வீடு கட்டினார்கள். அந்த அரைவீட்டில் நடிகர்கள் குளிரில் தூங்கி எழுந்தார்கள். நானூக் என்ற பெயரும் கற்பனை. அவருடைய நிஜப் பெயர் அல்லகரியல்லாக். உலகம் இதைத்தான் எஸ்கிமோ வாழ்க்கை என்று நம்பியது. ஃப்ளாஹர்ட்டி பெயரில் நடக்கும் புகழ்பெற்ற கருத்தரங்கின் வரலாற்றை இன்னொருவரோடு சேர்ந்து 2017ல் நூலாக எழுதியவர் இதாகா விழாவின் சிம்மர்மன் என்பதையும் சொல்ல வேண்டும். அழகான படம் எவ்வளவு சுலபமாக ஏமாற்றும் என்பது விழாக்காரர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

எண்பது ஆண்டுகள் கழித்துக் கேமரா கை மாறியது. இனூயிட் இனத்தைச் சேர்ந்த சகாரியாஸ் குனூக், 2001ல் தன் மொழியிலேயே எடுத்த 'அதனார்ஜுவாட்' கேன்ஸ் விழாவில் சிறந்த முதல் படத்துக்கான விருது பெற்றது. 2010ல் அவரும் இயன் மவ்ரோ என்ற ஆராய்ச்சியாளரும் சேர்ந்து, பருவநிலை மாற்றம் பற்றிப் பெரியவர்கள் சொல்வதைப் படமாக்கினார்கள். சூரியன் முன்பு மறைந்த இடத்தில் இப்போது மறைவதில்லை, பூமியே சாய்ந்துவிட்டது என்று பல ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். பூமி சாயவில்லை என்பது நிச்சயம். ஆனால் அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. காற்று சூடாவதால் ஒளி வளையும் விதம் மாறி, சூரியன் இடம் மாறித் தெரியலாம் என்ற விளக்கம் பிறகு கிடைத்தது. பெரியவர்களைக் கும்பிட்டு ஏற்றுக்கொண்டிருந்தாலும் விஷயம் கிடைத்திருக்காது, சிரித்து ஒதுக்கியிருந்தாலும் கிடைத்திருக்காது. கேள்வி கேட்டதால் கிடைத்தது.

இந்தியாவிலும் இதற்கு உதாரணம் உண்டு. குஜராத் கடலோரத்தில் திமிங்கலச் சுறாக்கள் கொல்லப்படுவதை மைக் பாண்டே 'ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்' என்ற படமாக எடுத்தார். 2000ல் படம் வெளியானது. 2001ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அந்தச் சுறா ஏறியது. அதற்கு முன் எந்த மீனுக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைத்ததில்லை. ஆனால் சட்டம் வந்ததும் மீனவர் மனம் மாறிவிடவில்லை. 2004ல் கதாகாலட்சேபத்தில் புகழ்பெற்ற மொராரி பாபு கடற்கரைக்குப் போய், பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் மாதிரிதான் இந்தச் சுறா என்றார். 'வாலி', அதாவது பிரியமானவள், என்று பெயர் சூட்டினார்கள். சுறாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு வனத் துறை நஷ்ட ஈடு கொடுத்தது. படம் டெல்லியை மாற்றியது. கடற்கரையை மாற்ற, அந்த ஊர்ப் பேச்சும் கொஞ்சம் பணமும் தேவைப்பட்டன.

குனூக் போலவே சொந்த மண்ணைப் படமெடுக்கும் ஜார்க்கண்ட் ஆதிவாசி இயக்குநர் பிஜு டோப்போவும், மேக்நாத்தும் சேர்ந்து எடுத்த 'அயர்ன் ஈஸ் ஹாட்', ஸ்பாஞ்ச் இரும்பு ஆலைகளின் புகைக்கு அடியில் வாழும் கிராமங்களைப் பற்றியது. தேசிய விருதும் பெற்றது. எத்தனை பொறியியல் கல்லூரிகள் அதைத் திரையிட்டு, ஆலை அதிகாரி ஒருவரையும் கிராமத்துக்காரர் ஒருவரையும் மேடையேற்றின? இங்கே சிக்கல் படம் கிடைக்காதது அல்ல, பேச்சுக்குப் பயப்படுவதுதான். 2004 மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழோடு வர வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, கொதித்த இயக்குநர்கள் 'விகல்ப்' என்று எதிர்விழாவே நடத்தினார்கள். அந்தப் பயத்தின் சின்னப் பதிப்பு கல்லூரி முதல்வர் அறைகளில் இன்றும் உட்கார்ந்திருக்கிறது.

1991 தீர்ப்பின் நோக்கம் நல்லது. ஆனால் ஸ்லைடை யாரும் எதிர்க்கேள்வி கேட்க முடியாது. கைடு புத்தகத்தையும் கேட்க முடியாது. ஆறு மாதப் பாடத்தின் களப்பணிக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு கல்லூரி இரண்டு நாள் விழா நடத்தினால் என்ன? ஒரு ஹால், ஒரு புரொஜெக்டர், நாலைந்து படங்கள், இரண்டு விருந்தினர்களுக்கு ரயில் டிக்கெட். வாணியம்பாடியானால் தோல், தன்பாதானால் நிலக்கரி, வாபியானால் ரசாயனம் என்று ஊருக்குத் தக்க தலைப்பு. ஆலையில் வேலை பார்க்கும் அப்பாவின் மகனும், அந்த ஆலைக் கழிவு ஓடும் வயலுக்குச் சொந்தக்காரரின் மகளும் ஒரே வகுப்பில்தான் படிக்கிறார்கள். படம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் எழுந்து, 'இதில் சொல்வது தப்பு, எங்கள் ஊரில் நடந்தது வேறு' என்று சொன்னால், அன்றைக்கு அந்தக் கல்லூரியில் பாடம் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.