கலையை நேரில் பாருங்கள், முடிவுக்குக் காரணம் சொல்லுங்கள்: எப்போதும்வென்றான் வட்டாரக் கலைஞர்களின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கும், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துக்கும், தூத்துக்குடி மாவட்ட நிர்வாகத்துக்கும்:

எப்போதும்வென்றான், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்து ஊர்களில் வில்லுப்பாட்டு, தேவராட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம், நையாண்டி மேளம் ஆகியவற்றால் பிழைக்கும் நாங்கள் இச்சாசனத்தை முன்வைக்கிறோம்.

எங்களுடையது வானம் பார்த்த கரிசல். மழை பொய்த்தால் உளுந்தும் பருத்தியும் வீடு வந்து சேராது. அந்த வருசம் கோயில் கொடை விழா சுருங்கும். எங்களுக்கு வரும் அச்சாரமும் நின்றுபோகும். அப்போது கைகொடுக்க வேண்டியது அரசின் கலை நிதி.

நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய், இசைக்கருவியும் ஆடை அணிகலனும் வாங்க 10,000 ரூபாய், 2007 முதல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம், கலை இளமணி முதல் கலை முதுமணி வரை மாவட்ட விருதுகள் என்று திட்டங்கள் இருக்கின்றன. அவற்றை மதிக்கிறோம். பெறத் தகுந்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறை எல்லாரும் அறியத் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

எங்கள் கோரிக்கைகள்:

1. எந்தத் திட்டத்தில் எதை அளக்கிறீர்கள் என்பதை முதலில் அறிவியுங்கள். மாத உதவிக்கு வறுமையும் முதுமையும், கருவி நிதிக்குத் தொழிலின் தேவை, விருதுக்குத் திறமை என அளவுகோல் தனித்தனியாக இருக்கட்டும். புகழ் இல்லாததால் ஒரு மூத்த கலைஞரின் மாத உதவி தடைபடக் கூடாது.

2. மதிப்பெண் பங்கீட்டை விண்ணப்பப் படிவத்திலேயே அச்சிடுங்கள். விருதுக்கு 100இல் 50 ஆட்டத் திறனுக்கும், 25 தொழிலில் கழித்த ஆண்டுகளுக்கும், 25 இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததற்கும் இருக்கலாம் என்பது எங்கள் முன்மொழிவு.

3. கலையை நேரில் பாருங்கள். தேவராட்டத்தில் பாட்டு கிடையாது. தேவதுந்துபி மேளத்தின் அடிக்குக் கால்கள் எப்படி மாறுகின்றன என்பதில்தான் திறமை. விடிய விடியக் கதையைத் தளரவிடாமல் கொண்டுசெல்பவரே வில்லுப்பாட்டில் தேர்ந்தவர். இவற்றை நிழற்படத்தாலும் சான்றிதழாலும் அளக்க முடியாது. பங்குனி, சித்திரைக் கொடைகளுக்குத் தேர்வுக் குழு வரட்டும். வர இயலாவிட்டால் செல்போனில் எடுத்த காணொளியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

4. தேர்வுக் குழுவில் பாதிப் பேர் அந்தந்தக் கலையை ஆடியோ பாடியோ வாசித்தோ பழகியவர்களாக இருக்கட்டும்; பெண் கலைஞர்களும் அதில் இடம்பெறட்டும். தம் உறவினரோ, சீடரோ, தம் கலைக்குழுவைச் சேர்ந்தவரோ விண்ணப்பித்திருந்தால் அந்த உறுப்பினர் விலகி நிற்க வேண்டும். 1957இல் தொடங்கிய கனடா கலை மன்றம் மதிப்பீட்டாளர்களின் பெயர்களை வெளியிடுகிறது. இங்கும் முடிவுக்குப் பின் பெயர்கள் வெளிவரட்டும்.

5. மறுத்தால் காரணத்தை எழுத்தில் தமிழில் தாருங்கள். நிர்வாக முடிவுகளால் பாதிக்கப்படுவோருக்குக் காரணம் தெரிவிக்க வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 4(1)(ஈ). நாங்கள் கேட்பது சட்டம் ஏற்கெனவே தந்த உரிமை.

6. பயனாளிகளின் பெயர், ஊர், கலை, பெற்ற தொகை ஆகியவற்றை மாவட்ட வாரியாக ஊராட்சி அலுவலகங்களில் ஒட்டுங்கள். மானியத் திட்டப் பயனாளிகளின் விவரத்தைத் தானாக வெளியிடுவதும் அதே சட்டத்தின் பிரிவு 4(1)(ஆ) சொல்லும் கடமை.

7. எழுதத் தெரியாதவர் வாய்மொழியாக விண்ணப்பிக்க வழி வேண்டும். தூத்துக்குடி அரசு இசைப்பள்ளியிலும் ஒன்றிய அலுவலகங்களிலும் அவர் சொல்வதைக் கேட்டு எழுதி, படித்துக் காட்டி, ரசீது கொடுங்கள். இடைத்தரகருக்கு வேலை இருக்காது.

8. முடிவு சொல்லும் நாளை முன்கூட்டியே அறிவியுங்கள். மறுக்கப்பட்டவர் 30 நாளில் மேல்முறையீடு செய்தால், அதை முதல் குழுவில் இல்லாத வேறு மூவர் விசாரிக்கட்டும்.

எங்கள் பங்கையும் சொல்கிறோம். பொய்யான அனுபவ ஆண்டு எழுத மாட்டோம். ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் தன்னுடையதாகக் காட்ட விடமாட்டோம். சாட்சி தேவைப்பட்டால் ஊர்ப் பெரியவர்களும் கொடை நடத்துவோரும் வந்து சொல்வார்கள். வெளிப்படையாக அளந்து எங்களில் ஒருவரை விட்டு இன்னொருவரைத் தேர்ந்தெடுத்தால், அந்த முடிவை முழுமனதோடு ஏற்போம்.

அடுத்த விண்ணப்ப அறிவிப்புக்கு முன்பாக, இந்த எட்டில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுத்துமூலம் தெரிவிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
எப்போதும்வென்றான் வட்டாரக் கிராமியக் கலைஞர்கள்