புதுச்சேரிப் படக் கார்டுகள்

நமது ஊரில் நூல் வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், புதுச்சேரியைக் காட்டும் பழைய பிரஞ்சுப் படக் கார்டுகளைச் சில வருஷங்களாகச் சேர்த்து வருகிறார். பிரான்ஸ் தேசத்தில் ஏலம் நடக்கும் நாளன்று, காவேரிக் கரையிலுள்ள குமாரபாளையத்தில் அவர் நள்ளிரவு வரை விழித்திருந்து விலை கேட்கிறார். வீட்டார் இதைப் பைத்தியம் என்கிறார்கள். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் அவருடைய ஆல்பத்தைப் புரட்டிய பின் நமது அபிப்பிராயம் மாறிற்று. ஆயினும் ஒரு பெருங்குறை கண்ணில் பட்டது. அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

தபால் கார்டு முதன்முதலில் 1869-ல் ஆஸ்திரியாவில் பிறந்தது. படம் பொறித்த கார்டுக்கு மோகம் உச்சத்திலிருந்த காலம் 1900 முதல் 1914-ல் யுத்தம் மூளும் வரை எனலாம். அந்நாளில் புதுச்சேரிக்கு வந்த பிரஞ்சு உத்தியோகஸ்தர், மாலுமி, பாதிரியார் முதலானோர் கடற்கரையையும் கடைத்தெருவையும் காட்டும் கார்டுகளைத் தம் ஊருக்கு அனுப்பினர். அவற்றின் வயதைக் கணிப்பது சுவையான வேலை. படத்தின் ஓரத்திலேயே நெருக்கி நெருக்கிச் செய்தி எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 1904-க்கு முற்பட்டது. அதுவரை பின்பக்கம் முழுவதும் விலாசத்துக்கே உரியது. தபால் தலையும் துப்புக் கொடுக்கும். 1923 முதல் பிரஞ்சிந்தியத் தலைகளில் சாந்தீம் மறைந்து, ‘பனோன்’, ‘காஷ்’ என்ற நாணயங்கள் வருகின்றன. இவை வேறொன்றுமல்ல, நமது பணமும் காசுமே! இருபத்துநான்கு காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய். ஆனால் தபால் முத்திரையின் தேதி கார்டு அனுப்பிய தேதியேயன்றிப் படம் பிடித்த தேதியாகாது. இதை மறந்து ஏமாறுவோர் பலர்.

படங்களில் காண்பவை யாவை? 1866-ல் கட்டி 1952-ஆம் வருஷப் புயலில் அழிந்த இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டு நிற்கிறது. தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்குச் சலங்குகள் அலையில் ஏறி இறங்கிச் செல்கின்றன. தூய்ப்ளேயின் சிலை நிமிர்ந்து நிற்கும் சதுக்கத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்களைக் காண்கிறோம். இன்று அத்தூண்களின் நடுவே காந்தியடிகள் நிற்கிறார். தூய்ப்ளே கடற்கரையின் தென்கோடிக்குச் சென்றுவிட்டார். காலம் செய்த இந்த இடமாற்றத்தைக் கார்டையும் இன்றைய கடற்கரையையும் ஒருசேரப் பார்ப்பவன் நன்றாக ரசிப்பான்.

இது நிற்க. கார்டுகளின் அடியில் அச்சிட்ட தலைப்புகளைப் பாருங்கள். கவர்னருக்கும் தளபதிக்கும் பெயர் உண்டு; கட்டிடத்துக்கும் பெயர் உண்டு. நம்மவர் எனில் ‘இந்திய மாதிரி’, ‘வண்டிக்காரன்’, ‘நாட்டியக்காரி’ என்பதோடு சரி. மரத்துக்கும் மாட்டுக்கும் இடுவதுபோல் ஓர் இனப்பெயர்! இக்கார்டுகள் விற்பனையான அதே வருஷங்களில், 1908 முதல் 1918 வரை, பாரதியார் அத்தெருக்களில் நடந்தார். 1910-ல் அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் அங்கு வந்து சேர்ந்தனர். வெள்ளைக்கார சர்க்காரின் வேவுகாரர்கள் அவர்கள் வீட்டு வாசல்களைக் காத்துக் கிடந்தனர். படக் கார்டுக்காரனின் பெட்டிக்கு இவை ஒன்றும் தெரியவில்லை. அதற்காக அவனைக் குறைகூறிப் பயனில்லை. அவன் விற்றது பிரஞ்சுக்காரருக்கு. நாம் இன்று விலை கொடுத்துத் திரும்ப வாங்கும்போதும் அவன் எழுதிய தலைப்பையே ஓதிக்கொண்டிருப்பதுதான் வெட்கம்.

நண்பரின் ஆல்பத்தில் ‘தெருக் காட்சி’ என்று மட்டும் அச்சிட்ட கார்டு ஒன்று இருக்கிறது. தெருவின் நீளத்துக்கு ஏதோ கட்டியிருக்கிறது. இருபுறமும் ஆட்கள் குனிந்து நிற்கிறார்கள். கயிறு திரிக்கிறார்கள் என்று நாம் தீர்மானித்தோம். அன்று மாலை வாசலில் சென்ற எழுபது வயதுத் தறிக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “ஏனுங்க வக்கீலய்யா, இது பாவுக்குக் கஞ்சி போடறதுங்க. நெழல் எம்புட்டு நீளம் பாருங்க, விடியக்காலம். வெயில் ஏறினா நூல் மொடமொடன்னு போயிருமுங்க” என்றார். கையில் பாவாற்றி பிடித்திருப்பவர் எவர், நூல் அறுந்தால் முடிபோட நிற்பவர் எவர் என்பதையும் விரல் வைத்துக் காட்டினார். நூறு வருஷமாக எவரும் சொல்லாததை ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நீலமேற்றிய புதுச்சேரித் துணி ஆப்பிரிக்காவில் செனகால் வரை சென்று, அங்கே பிசின் வியாபாரத்தில் நாணயமாகவே வழங்கிய காலமும் உண்டு. அந்தத் தொழில் இக்கார்டில் ‘தெருக் காட்சி’ ஆகிவிட்டது.

கோர்ட்டில் தஸ்தாவேஜைத் தாக்கல் செய்தால் மட்டும் போதாது. அதை நிரூபிக்கச் சாட்சி வேண்டும். கார்டுகள் இன்னும் நூறு வருஷம் இருக்கும். சாட்சிகள் இருக்க மாட்டார்கள். தெருவில் பாவு நீட்டியதைக் கண்டவர்கள் நம் ஊரிலேயே குறைந்து வருகிறார்கள். விசைத்தறிப் பட்டறையில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாவாற்றி என்ற சொல்லே தெரியாது.

ஆகவே கார்டு சேர்ப்போருக்கு நமது வேண்டுகோள் இரண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் தமிழில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: என்ன இடம், என்ன வேலை, அதைச் சொன்னவர் யார் என்று. பிறகு அதன் பிரதியைப் பொது நூல்நிலையம் ஒன்றில் சேர்ப்பியுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராய்ச் சேர்த்த ஏடுகளும் புத்தகங்களும் அவர் காலமான பின் சிதறாமல், 1994-ல் சென்னையில் அவர் பெயராலேயே நூலகமாயின. எல்லாச் சேகரங்களுக்கும் அந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. பல, பேரன் காலத்தில் எடைக்குப் போகின்றன. புதுச்சேரி நகரசபைக் கட்டிடமான ‘மேரி’ 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்து, பழைய உருவத்திலேயே கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட வேலைக்கு ஒரு பழைய படம் எவ்வளவு உதவும் என்பதைக் கொத்தனார்கள் அறிவார்கள். பூட்டிய பீரோவிலிருக்கும் படம் எவருக்கும் உதவாது.

நண்பர் ஒருவாறு இணங்கியிருக்கிறார். அடுத்த மாதம் ஞாயிறுதோறும் காலையில் ஆல்பம் நமது காரியாலயத் திண்ணையில் இருக்கும். தறி, சாயம், வண்டி, படகு ஆகிய தொழில்களில் பழகிய பெரியோர்கள் வந்து பார்த்துச் சொல்லவேண்டும். சொல்வதைத் தனிக் காகிதத்தில் எழுதிக்கொள்வோம். கார்டின் மேல் மசி படக்கூடாதென்று நண்பர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.