அப்பத்தாவைக் கொஞ்சம் வேலை செய்ய விடுங்க!

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சென்னையில இருந்து போடி போற ரயில் 2023-ல வந்ததுல இருந்து நம்ம பாடு நிம்மதி. தேனியில இறங்கினா அல்லிநகரம் பக்கம்தான்.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா, அப்பத்தாவுக்கு எங்கம்மா தலை சீவி விட்டுக்கிட்டு இருந்தாங்க. "கை மேல போக மாட்டேங்குதுப்பா"ன்னு சிரிச்சுச்சு. எனக்கு சிரிப்பு வரல.

எண்பத்தொண்ணு வயசு. தெருக்குழாயில இருந்து இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு ரெண்டு குடம் தூக்கிட்டு வந்த ஆளு. ஆட்டுக்கல்லுல மாவாட்டுன கை அது. நான் பொட்டி தட்ட ஆரம்பிச்சதும் முதல் வேலையா மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின்னு வாங்கிப் போட்டேன். "நீ சும்மா உட்காரு அப்பத்தா, உழைச்சது போதும்"னு பெருமையா சொன்னதும் நானேதான். அதுவும் உட்கார்ந்துச்சு. போன வருஷம் குளிக்கிற இடத்துல வழுக்கினப்ப குழாயைப் பிடிச்சுச்சாம், பிடி நிக்கல. நல்லவேளை, எலும்பு தப்பிச்சது.

நிற்க. இங்கதான் என் கட்சி. பாசம்ங்கிற பேர்ல பெரியவங்க கையை நாமதான் கட்டிப்போடுறோம்.

தசைங்கிறது பேங்க் டெபாசிட் இல்லைங்க, அம்பது வருஷம் உழைச்சதை வச்சு மிச்ச காலத்தை ஓட்ட முடியாது. பாரம் குடுத்தா இருக்கும், குடுக்கலைன்னா கரையும். அதுலயும் சட்டுனு எதையாவது பிடிக்க உதவுற வேகமான தசைநார்தான் வயசானா அதிகமா மெலியும். நம்ம ஊர்ல டாக்டர்ல இருந்து டீக்கடை வரைக்கும் பெரியவங்களுக்கு சொல்றது ஒண்ணுதான்: 'வாக்கிங் போங்க'. நல்லதுதான். ஆனா நடந்தா தோளுக்கும் கைக்கும் என்ன வேலை? நாற்காலியில இருந்து கை ஊன்றி எந்திரிக்க, செம்புத் தண்ணியைத் தலைக்கு மேல தூக்க, விழுறப்ப கம்பியைப் பிடிக்க, எல்லாத்துக்கும் மேல்உடம்புல பலம் வேணும்.

"வயசான காலத்துல எக்சர்சைஸா? விளையாடுறியா?"ன்னு எங்க பெரியப்பா கேட்டார். 1990-ல அமெரிக்காவுல, பாஸ்டன்ல, முதியோர் இல்லத்துல இருந்த பத்து பேரை எடை தூக்க வச்சுப் பார்த்தாங்க. சராசரி வயசு தொண்ணூறு! எட்டு வாரத்துல கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. ரெண்டு பேர் கைத்தடியையே விட்டுட்டாங்க. அது காலுக்கான சோதனைதான். ஆனா தசை எங்க இருந்தாலும் தசைதானே? 65 வயசுக்கு மேற்பட்டவங்க வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே 2020-ல சொல்லியிருக்கு.

கைப்பிடி பலத்தை லேசா நினைக்காதீங்க. இந்தியாவையும் சேர்த்து 17 நாடுகள்ல ஏறக்குறைய 1,40,000 பேரைக் கவனிச்ச ஒரு ஆய்வு 2015-ல வந்துச்சு. பிடி பலம் அஞ்சு கிலோ குறைவா இருந்தவங்களுக்கு இறப்பு அபாயம் 16 சதவீதம் கூட இருந்துச்சாம். பிடி குறைஞ்சதாலயே சாவு வருதுன்னு அர்த்தமில்லை, உடம்பு தளர்றதுக்கு அது ஒரு அடையாளம்.

எங்க அப்பத்தாவுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மா சொல்லிக் குடுத்தது இவ்வளவுதான்:

கை வச்ச கனமான நாற்காலியை சுவரோட ஒட்டிப் போட்டு, கையை ஊன்றி உடம்பை லேசா மேல தூக்கி இறக்கணும். சுவத்துல ரெண்டு கையையும் வச்சு சாஞ்சு, தள்ளி நிமிரணும். அரை லிட்டர் பாட்டில்ல பாதி தண்ணி ஊத்தி மடக்கி நீட்டணும். சுலபமாயிட்டா முழு பாட்டில், அப்புறம் ஒரு லிட்டர். ஈரத்துண்டை முறுக்கிப் பிழியணும், அது பிடிக்கு. ஒவ்வொண்ணும் எட்டு பத்து தடவை, வாரத்துல மூணு நாள். மூச்சை அடக்கக்கூடாதுன்னு 'ஒண்ணு, ரெண்டு'ன்னு சத்தமா எண்ணணும். பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். கூடவே தினம் முட்டை, பயறு, நிலக்கடலைன்னு ஏதாவது. வெறும் கஞ்சியில தசை வளராது.

இதுக்கு ஜிம் வேணாம், காசு வேணாம். 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல சுகர், பிரஷர் மாத்திரையோட வீட்டுக்கே வந்து பிசியோதெரபி பண்றதையும் சேர்த்தாங்க. நல்ல யோசனை. ஆனா அவங்க வந்துட்டுப் போன பிறகு மிச்ச நாள்ல பாட்டிலை எடுத்துக் கையில குடுக்க வேண்டியது வீட்டு ஆளுங்கதான்.

மூணு மாசம் ஆச்சு. குடமெல்லாம் தூக்கல, கதை விடமாட்டேன் :-) போன ஞாயித்துக்கிழமை போன்ல அம்மா சொன்னாங்க, "இன்னைக்கு உங்க அப்பத்தா தானே தலை சீவி, கொண்டையும் போட்டுக்கிச்சுடா". ஆபீஸ் மாடிப்படியில நின்னுக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரம் பேச்சு வரல.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப "நீ உட்காரு, நான் பாத்துக்குறேன்"னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க மக்களே. வெங்காயம் உரிக்கட்டும், துணி பிழியட்டும். கொஞ்சம் லேட்டாகும். ஆகட்டுமே!

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதய நோய், எலும்புத் தேய்மானம், கட்டுப்படாத பிரஷர், சமீபத்துல ஆபரேஷன் இருந்தா டாக்டரைக் கேட்காம ஆரம்பிக்காதீங்க. நெஞ்சு வலி, தலைசுத்தல் வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.