எல்லோருக்கும் ஒரே கோப்பை



இம்முறை நமது அடுப்படியில் நாம் அதிகம் யோசிக்காத ஒரு பொருளைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கின்றேன். அது தேத்தண்ணிக் கோப்பை. "தேயிலை மலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கோப்பையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் ஒரு வீட்டில் எத்தனை விதமான கோப்பைகள் இருக்கின்றன, எந்தக் கோப்பை யாருடைய கைக்குப் போகின்றது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். அந்த வீட்டில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பது தெரிந்துவிடும்.

பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எந்தப் பக்கத் தோட்டத்துக்குப் போனாலும் நான் பார்ப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முன் காம்பராவில் ஒரு கண்ணாடி அலுமாரி. அதற்குள் பூப்போட்ட ஆறு கோப்பையும் தட்டும். கலியாணத்துக்கு வந்த அன்பளிப்பு. பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அந்தக் கோப்பையில் ஒரு சொட்டுத் தேத்தண்ணி பட்டிருக்காது. அடுப்படிக்குப் போனால் வேறு உலகம். வீட்டுக்காரருக்கு ஒரு பெரிய மக். தாத்தாவுக்குச் சில்வர் கோப்பை. பிள்ளைகளுக்குப் பிளாஸ்டிக். அம்மாவுக்கு மட்டும் சொந்தமாக ஒன்றும் இல்லை. எல்லோரும் குடித்த பிறகு எது கழுவிக் கிடக்கின்றதோ, எது கைபிடி உடைந்ததோ, அது அவளுக்கு.

தேயிலைக்குக் கிடைக்கும் நீதி

நமது தோட்டத்துத் தொழிற்சாலைகளில் தேயிலையைச் சுவை பார்க்கும் மேசை இருக்கின்றது. நீண்ட மேசையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான் கோப்பைகள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே வடிவம். இதற்கென்று உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட ஒரு முறையே உண்டு. ஐஎஸ்ஓ 3103 என்ற அந்தத் தரவிதி 1980ஆம் ஆண்டில் வெளியானது. 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஊறுவதற்கு 6 நிமிடம் என்று அது கணக்கு வைத்திருக்கின்றது.

ஏன் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும்? கோப்பையின் நிறம் மாறினால் சாயத்தின் நிறம் வேறாகத் தெரியும். கோப்பை பெரிதானால் ஊற்றும் அளவும் சூடும் வேறுபடும். ஒரு தேயிலைக்கும் அநியாயம் நடந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஒழுங்கு. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது நமது ஊவாத் தேயிலைக்கு வரும் அந்தத் தனி வாசத்தை உலகம் கண்டுகொண்டதும் இப்படியான வெள்ளைக் கோப்பைகளில்தான்.

இலைக்கு இத்தனை கவனமாக நீதி வழங்குகின்றோம். அந்த இலையைக் கொய்த கைக்கு வீட்டில் எந்தக் கோப்பையைக் கொடுக்கின்றோம்? இதுதான் இந்த மாதம் நான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி.

ஆகவே என் ஆலோசனை இதுதான். வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேரோ அத்தனைக் கோப்பைகளும், விருந்தாளிக்கு இரண்டும், எல்லாம் ஒரே மாதிரியாக வாங்குங்கள். அவற்றைப் பூட்டி வைக்காமல் தினமும் பயன்படுத்துங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது?

முதலில் என்ன பொருளால் செய்தது என்று பாருங்கள். பிளாஸ்டிக் கோப்பையில் கொதிக்கும் தேத்தண்ணியை ஊற்றுவது நல்லதல்ல. பீங்கான் போலவே தோன்றும் மெலமைன் கோப்பைகளும் கொதிசூட்டுக்கு ஏற்றவை அல்ல. எனாமல் கோப்பை பாரமில்லாதது, விழுந்தாலும் உடையாது. ஆனால் பூச்சுப் பெயர்ந்தால் அந்த இடத்தில் துருப்பிடிக்கும். சில்வர் கோப்பை காலம் முழுக்க உழைக்கும். ஆனால் உதட்டைச் சுடும். எனவே தேத்தண்ணிக்குப் பீங்கானே சிறந்தது என்பேன்.

நல்ல பீங்கானுக்கு நாம் வெளிநாட்டைப் பார்க்கத் தேவையில்லை. மாத்தளையில் நொரிட்டாக்கே தொழிற்சாலை 1970களிலிருந்து இயங்கி வருகின்றது. தங்கொட்டுவையிலும் பெயர்பெற்ற பீங்கான் தொழிற்சாலை உண்டு. நம் நாட்டுத் தேயிலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கப்பலேறுவது போலவே, நல்ல பீங்கானில் பெரும் பகுதியும் கப்பலேறிவிடுகின்றது. ஏற்றுமதிக்குச் சேராமல், சிறு புள்ளியோ கோடோ உள்ளவை கடைகளில் மலிவாகக் கிடைக்கும். புள்ளி இருந்தால் பரவாயில்லை. வெடிப்பு மட்டும் இருக்கக் கூடாது.

வெடிப்பைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. கோப்பையின் கைபிடியை ஒரு விரலில் தொங்கவிட்டு, மறு கை நகத்தால் மெதுவாகத் தட்டுங்கள். மணி போல் ஒலித்தால் நல்ல கோப்பை. மந்தமாக ஒலித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். பிறகு கடைக்காரரின் கண்ணாடி மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது. அடிவளையத்தை விரலால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் பலகையைக் கீறும்.

கைபிடியை அவசியம் பிடித்துப் பாருங்கள். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்களுக்குச் சின்னக் கைபிடி சரிவராது. இரண்டு மூன்று விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். அளவு 200 மில்லிலீற்றர் போதும். மார்கழி, தையில் குளிர் கூடிய நமது பக்கத்தில் பெரிய மக்கில் ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் ஆறிவிடும். கொஞ்சம் தடிப்பான கோப்பை சூட்டைப் பிடித்து வைக்கும். ஊற்றுவதற்கு முன் சுடுதண்ணீரால் ஒருமுறை அலசினால் இன்னும் நல்லது.

நிறம் உங்கள் விருப்பம். ஆனால் உட்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். சாயம் எவ்வளவு என்று தெரியும், அழுக்கும் மறையாது. கோப்பையின் உள்ளேயும் வாய் படும் விளிம்பிலும் பளிச்சென்ற வண்ணப் படங்கள் உள்ளதைத் தவிருங்கள். தரமற்ற வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். ஈயத்தில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கின்றது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அது மிகவும் கெடுதி.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்க முடியாத சகோதரிகளுக்கு ஒரு யோசனை. பூப்போட்ட செட் வாங்கினால் ஒன்று உடைந்ததும் அதற்கு இணை கிடைக்காது. வெறும் வெள்ளை, அல்லது விளிம்பில் ஒரு கோடு மட்டும் உள்ள சாதாரணக் கோப்பை என்றால் மாதம் இரண்டாக வாங்கிச் சேர்க்கலாம். உடைந்தாலும் ஈடு செய்யலாம். இரண்டு நிறம் வேண்டுமென்றால் வெள்ளையில் பாதி, வெளிர்பச்சையில் பாதி என்று வைக்கலாம். வடிவமும் உயரமும் ஒன்றாக இருந்தால் நிறம் இரண்டானாலும் அழகாகவே இருக்கும்.

அடுக்கி வைப்பது எப்படி?

பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் அலுமாரிக்கு இடமேது? சுவரில் ஒரு பலகை அடியுங்கள். பலகையின் கீழ்ப்புறம் திருகும் கொக்கிகளைச் சம இடைவெளியில் பூட்டி, கைபிடிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கக் கோப்பைகளைத் தொங்கவிடுங்கள். மேலே தேயிலைப் போத்தல், சீனிப் போத்தல். விறகடுப்பு உள்ள வீடென்றால் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் பலகையை அடியுங்கள். ஒரு மெல்லிய துணித் திரையும் போட்டால் கரி படியாது. புகை படிந்த சுவரில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாகத் தொங்கும்போது அடுப்படிக்கே ஒரு வெளிச்சம் வரும்.

சாயக் கறை பிடித்தால் அப்பச்சோடாவில் சில துளி தண்ணீர் விட்டுக் குழைத்துத் துணியால் தேயுங்கள். சாம்பலும் தும்பும் போட்டு உரசினால் மினுக்கம் போய் அடுத்த முறை கறை இன்னும் வேகமாகப் பிடிக்கும். விளிம்பு உடைந்த கோப்பையை "அம்மாவுக்கு இது போதும்" என்று வைக்காதீர்கள். உதட்டை வெட்டும், உடைந்த இடத்தில் அழுக்கும் சேரும். அதில் கொத்தமல்லி விதை போட்டு வளருங்கள்.

எல்லாம் ஒரே மாதிரி என்றால் யாருடையது எது என்று குழம்பாதா? அடியில் கியூட்டெக்ஸால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று வையுங்கள். அவரவர் கோப்பை அவரவருக்கு. அடையாளம் வேறு, தாழ்த்துவது வேறு.

தனிக் கோப்பை

இந்த இடத்தில் கொஞ்சம் கசப்பான விடயத்தையும் பேச வேண்டியிருக்கின்றது. சில வீடுகளில் ஜன்னல் விளிம்பிலோ கோடிப்புறத்துச் சுவரிலோ தனியாக ஒரு கோப்பை இருக்கும். அது "அவர்களுக்கு". அவர்கள் யார் என்று கேட்டால் பதில் மெதுவான குரலில் வரும்.

தமிழ்நாட்டுக் கிராமத்துத் தேநீர்க் கடைகளில் இதற்கு இரட்டைக் குவளை முறை என்று பெயர். அங்கே எதிர்ப்பு வந்த பிறகு சில கடைகளில் குவளைக்குப் பதில் தூக்கி எறியும் கோப்பையைக் கொடுத்தார்கள். கோப்பை மாறியது, எண்ணம் மாறவில்லை. நம் நாட்டில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க் கடைக்குள் நுழைவதற்கே மக்கள் போராட வேண்டியிருந்தது. 1957இல் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காட்டி ஒருவருக்குக் கடையில் இடம் மறுப்பது அன்றிலிருந்து குற்றம். ஆனால் சட்டம் நமது அடுப்படிக்குள் வந்து கோப்பையை எண்ணப் போவதில்லை. அதை நாம்தான் எண்ண வேண்டும்.

நமது தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்து சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். "எனக்குத் தனிக் கோப்பை, தனித் தட்டு, கதவுக்குப் பின்னால் இருந்து சாப்பிட்டேன்." அதைக் கேட்டு நமது வயிறு எரிகின்றது. அப்படியென்றால் நமது ஜன்னலில் இருக்கும் கோப்பையைப் பார்த்து வேறொரு தாயின் வயிறும் எரியும் அல்லவா?

காசநோய் வந்தவர்களுக்கும் வீட்டில் தனிக் கோப்பை வைப்பதைப் பார்க்கின்றேன். காசநோய் இருமும்போது காற்றின் வழியாகப் பரவும் நோய். கோப்பையாலோ தட்டாலோ அது பரவுவதில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், மருந்தை ஒரு நாளும் விடாமல் முழுக் காலமும் எடுக்க வையுங்கள். அதுதான் பாதுகாப்பு. கோப்பையைப் பிரித்தால் நோய் நிற்காது, மனம்தான் உடையும். தன் நோயை மறைக்கத் தொடங்குவார், மருந்தெடுக்கப் போகவும் கூசுவார்.

அம்மாவின் கோப்பை

பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஓர் அக்கா எனக்குக் கண்ணாடி அலுமாரியைத் திறந்து பூக்கோப்பை எடுத்துத் தேத்தண்ணி ஊற்றினார். "நீங்களும் ஊற்றிக் குடியுங்கள் அக்கா" என்றேன். கேத்தலில் மிஞ்சியிருந்த அடிச்சாயத்தில் சுடுதண்ணீர் கலந்து, கேத்தல் மூடியில் ஊற்றிக் குடித்தார். "எனக்கு இதுதான் பழக்கம் பிள்ளை. நாங்கள் என்ன துரைமாரா?" என்றார். மலையில் காலை முழுவதும் நின்று கொழுந்து பறித்து வந்தவர் அவர்.

அக்காவைப் போல நம்மில் எத்தனை பேர்? மிச்சத்தைக் குடிப்பது, மிச்சத்தைச் சாப்பிடுவது, கடைசியாகச் சாப்பிடுவது எல்லாம் பழகிப்போய்விட்டது. இரத்தச் சோகை நம் பெண்களை வாட்டுவதற்கு இந்தப் பழக்கமும் துணை போகின்றது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோற்றுடன் சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது குறைந்துவிடும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கர்ப்பிணித் தாய்மார் இதில் கூடுதல் கவனமாக இருங்கள்.

ஆறு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றும்போது ஆறாவது கோப்பை உங்களுடையது. அதையும் மற்றவர்களுடையதோடு சேர்த்து ஒரே தட்டில் வையுங்கள். எல்லோரும் குடிக்கும்போது நீங்களும் உட்கார்ந்து குடியுங்கள். மகள் மட்டும் எழுந்து கழுவாமல், குடித்தவர் தன் கோப்பையைத் தானே கழுவிக் கொக்கியில் மாட்டட்டும். மகனுக்கும் வீட்டுக்காரருக்கும் இது கைவரும். எல்லாக் கோப்பையும் ஒன்றாக இருக்கும்போது கழுவாத கோப்பை யாருடையது என்று வரிசையே சொல்லிவிடும்.

லயத்தில் கலியாணம், சாமத்தியம், மரண வீடு என்றால் வீடு வீடாகக் கோப்பை இரவல் வாங்குவது நமது வழக்கம். பிறகு எது யாருடையது என்று சண்டை. உங்கள் மாதர் சங்கமோ மரணாதார சங்கமோ சீட்டுப் பணத்தில் ஒரே மாதிரியான நான்கு டசின் கோப்பைகள் வாங்கி வைக்கலாம். பாதுகாக்க ஒருவர், கணக்கு எழுத ஒருவர், உடைந்தால் ஈடு என்று விதி எழுதுங்கள். அந்த விதிகளில் முதலாவதாக இதை எழுதுங்கள்: வந்தவர் யாராயினும் இந்தக் கோப்பையில்தான் தேத்தண்ணி.

இந்த மாதச் சம்பளத்துக்குப் பிறகு பதுளை பஸாருக்குப் போகும்போது இரண்டு வெள்ளைக் கோப்பைகளுடன் ஆரம்பியுங்கள். வசதி இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். கண்ணாடி அலுமாரியில் ஆறு கோப்பைகள் ஏற்கெனவே இருக்கின்றன அல்லவா? சாவி உங்கள் கையில்தான் இருக்கின்றது.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.